காக்க வைக்காத அக்கா

அவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததாக எனக்கு நினைவே இல்லை. போனைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிடும். "ஓம் தம்பி, பாத்திட்டன்." "சேகரன் வேனை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிட்டார், யோசிக்காதேங்கோ." இவ்வளவுதான் இருக்கும். ஆனால் கட்டாயம் இருக்கும். முதலில் அது எனக்குப் பெரிய வசதியாகத் தெரிந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகுதான் பயம் வந்தது.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பிரயோசனமில்லை; எங்கள் அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எதிர்க்கடைச் சீனருக்குக்கூட அவர் 'அக்கா'தான். மலேசியாவில், சிரம்பானில் வீடு. சிலோன் தமிழ்க் குடும்பம், வேதக்காரர்கள். தாத்தா ஏதோ ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் என்று ஒரு தடவை சொன்னார், அதற்கு மேல் சொல்லவில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு வார்த்தை அனுப்பிப் பார்க்கலாம்தான். அனுப்பினால் உடனே பதில் வந்துவிடுமோ என்கிற பயத்தில் இன்றுவரை அனுப்பவில்லை.

நானும் என் மனைவியின் தம்பியும் மந்தின் என்ற சின்ன ஊரில் நடத்துவது வேன் தொழில். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மிச்சமிருக்கும் சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸ் சென்டருக்குக் கூட்டிப்போய், முடிந்ததும் வீட்டில் கொண்டுவந்து விடுவோம். லாபு, கோலா சாவா, அதற்கும் உள்ளே பெயரே மறந்துபோன டிவிஷன்கள். பிள்ளைகள் எல்லாம் கோலாலம்பூர், ஜொகூர் என்று போய்விட்டார்கள். செம்பனை மரங்களுக்கு நடுவே நாலு வீடு, அதில் இரண்டு பூட்டிக் கிடக்கும், ஒன்றில் எங்கள் ஆள் இருப்பார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவருக்கு ரத்தம் சுத்தமாக வேண்டும். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் ஏறும், மூச்சு முட்டும். அதற்கு மேலும் தவறினால் என்ன ஆகும் என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆகவே எங்கள் தொழிலில் செய்யக்கூடாத தப்பு ஒன்றே ஒன்றுதான். வர வேண்டிய ஆளை விட்டுவிட்டு வருவது.

அந்தத் தப்பு நடக்காமல் பார்ப்பதுதான் அக்காவின் வேலை. ஒவ்வொரு மதியமும் எல்லாருக்கும் போன் போட்டு, "நாளைக்கு வாறீங்களோ?" என்று கேட்பார். சிலர் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார்கள், சிலர் மகன் காரில் போவார்கள். அதையெல்லாம் கேட்டுத்தான் எந்த வேன் எந்தப் பாதையில் போவது என்று முடிவாகும். நோயாளிகளில் ஒருவர்கூட அவரை நேரில் பார்த்தது கிடையாது. அவரும் பார்க்க ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு அவர் ஒரு குரல். இவருக்கு அவர்கள் ஒரு "வர்றேம்மா".

ஏர்கோன் குளிருக்கு எப்போதும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருப்பார். பிளாஸ்கில் வெறும் சுடுதண்ணீர். காப்பி, தேத்தண்ணீர் எதுவும் தொடமாட்டார். மதியம் சாப்பாட்டைத் திறப்பதற்கு முன் போனைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் போட்டு மூடுவார். ஏன் அக்கா என்று கேட்டேன். "சாப்பிடேக்க அது முழிச்சுக்கொண்டு இருக்கக் கூடாது, தம்பி" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஆரையும் காக்க வைக்கக் கூடாது." இதுதான் அவர் அடிக்கடி சொல்வது. யார் அவரை எப்போது காக்க வைத்தார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி அவர் முகமும் இருக்காது.

தொழில் பெருகியது. வேன்கள் கூடின, அக்காவின் தொண்டை கட்டிப்போனது. அப்போதுதான் மச்சான் தானாகச் செய்தி அனுப்பும் கம்ப்யூட்டர் பிளாட்ஃபார்ம் பற்றிய பேச்சை எடுத்தார். மச்சானுக்கு எதிலும் புதிதாக வந்ததுதான் வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான், அது வேறு கதை. கம்ப்யூட்டர் மொழி ஒரு எழுத்துத் தெரிய வேண்டாமாம். திரையில் பெட்டிகளை இழுத்துப் போட்டு அம்புக்குறியால் இணைத்தால் போதுமாம். மதியமானால் கேள்வி தானாகப் போகும், பதில் தானாக வரும், வேன் பாதை தானாகத் தயாராகும். இப்படி எத்தனையோ இருக்கின்றன. அலசிப் பார்த்து இரண்டில் வந்து நின்றார். அவற்றின் பெயர் இங்கே வேண்டாம். சின்னத்தின் நிறத்தை வைத்து நாங்கள் நீலம், பச்சை என்றே சொல்லிவந்தோம்.

மச்சானுக்கு நீலம்தான். "இது சீப் லா அக்கா. டெம்ப்ளேட் எல்லாம் ரெடியா இருக்கு, நம்ம பேரைப் போட்டா ஓடிரும். பச்சைக்கு ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் காசு. கட்டறதுக்கே மண்டை காஞ்சிரும்."

அக்கா இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பதில் வராட்டி நீலம் என்ன செய்யும்?"

"ஆள் வரலன்னு எடுத்துக்கும். அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"பச்சை?"

"அது நின்னுரும். மனுசன் யாராச்சும் வந்து பாத்தாத்தான் நகரும். தொல்லை."

ஒன்றில் கட்டியதை இன்னொன்றுக்குத் தூக்கிப்போக முடியாது, திரும்ப முதலிலிருந்து கட்ட வேண்டும் என்றும் மச்சான் சொன்னார். அதனால் இரண்டையும் இலவசமாகத் தருகிற காலத்துக்குள் ஓடவிட்டுப் பார்ப்பது, பிறகு ஒன்றில் தலையைக் கொடுப்பது என்று முடிவானது. தவறான ஒன்றில் கொடுத்தால் எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் மூச்சு முட்டக் கிடப்பார். அது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

பெட்டிகளைக் கட்டியது மச்சான். அதற்குள் போகும் வார்த்தைகளை எழுதியது அக்கா. இரண்டு பிளாட்ஃபார்மிலும் வாடிக்கையாளரின் முதல் பெயர், கடைசிப் பெயர் என்றுதான் கட்டங்கள் இருந்தன. அக்கா அதைப் பார்த்து முகம் சுளித்தார். "மிஸ்டர் வீரையா எண்டா அந்த மனுசன் பயந்திடும்" என்று சொல்லி, 'முறை' என்று புதிதாக ஒரு கட்டம் போட வைத்தார். யாருக்கு அண்ணை, யாருக்கு மாமி, யாருக்குத் தம்பி என்று தானே உட்கார்ந்து நிரப்பினார். பிறகு செய்திகள். வெயில் காலத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, தீபாவளி வாரத்துக்கு ஒன்று. "அண்ணை, நாளைக்கு வாறீங்களோ? தண்ணி அளவாக் குடியுங்கோ." படித்தபோது எனக்குக் காதில் அவர் குரல் கேட்டது. என்ன அழகாக எழுதுகிறார் என்று நினைத்தேன்.

நோயாளிகளுக்கு அனுப்பும் முன் அதை எங்கள் மேலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை என்னையும் மச்சானையும் மூத்த ஓட்டுநர் சேகரனையும் மேசைக்குக் கூப்பிட்டார்.

"போன கிழமை முழுக்க நான் உங்களுக்கு மெசேஜ் போட்டனான்தானே. அதில கொஞ்சம் நீலம் போட்டது. கொஞ்சம் பச்சை போட்டது. மிச்சம் நான் கையால அடிச்சது. எது எது எண்டு சொல்லுங்கோ, பாப்பம்."

விளையாட்டு என்று நினைத்துப் போனை எடுத்தோம். சேகரன் முதலில் சொன்னான். "இது அக்காதான். 'வெயிலா இருக்கு, தொப்பியைப் போடுங்கோ'ன்னு மெசின் சொல்லுமா?" அது நீலம். மச்சான் தன் முதுகு வலியை விசாரித்த செய்தியைக் காட்டினார். அது பச்சை. என் மகனுக்குப் பரீட்சை என்று நினைவு வைத்துக் கேட்டிருந்தார், அதில்தான் நான் உருகிப்போயிருந்தேன். அதுவும் பச்சை.

ஒரே ஒரு செய்தியை மட்டும் மூன்று பேரும் ஒரே குரலில் மெசின் என்றோம். "எனக்கு இண்டைக்குக் கொஞ்சம் ஏலாம இருக்கு." இதே வரி மூன்று போனிலும் வந்திருந்தது. மெசினுக்கு உடம்பு சரியில்லையாமே என்று மச்சான் அன்றைக்கே அதை எனக்குக் காட்டிச் சிரித்திருந்தார்.

அதுதான் அவர் கையால் அடித்தது.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அக்காவின் முகத்தில் வருத்தம் இல்லை. பாரத்தை இறக்கி வைத்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "அப்ப நல்லம்" என்று சொல்லிவிட்டுச் சுடுதண்ணீரை ஊற்றிக் குடித்தார். அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாக அவரிடம் பயம் வந்தது.

அதற்குப் பிறகு அவர் கையால் ஏதாவது அடித்தாரா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. ஒருநாள் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரல் முழுக்கச் சோறும் குழம்பும். போன் கைக்குட்டைக்கு அடியில் இருந்தது. அவரிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது: "சாப்பிட்டிட்டு வாறன் தம்பி." நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கீரையைப் பிசைந்துகொண்டிருந்தார். "என்ன தம்பி, ஏதும் வந்ததோ?" என்று மட்டும் கேட்டார்.

அவர் மாமா ஒருவர் இறந்தபோது சிரம்பானில் தேவாலயத்துக்கு நானும் சேகரனும் போயிருந்தோம். அக்கா சவப்பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். வரும் வழியில் வேன் டயர் பற்றிச் சேகரன் பழக்க தோஷத்தில் அவருக்கு ஒரு செய்தி போட்டிருந்தான். போட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அவன் போனில் பதில் வந்து கிடந்தது. "பாத்து ஓடுங்கோ சேகரன். நான் இருக்கிறன்." அவன் அதை எனக்கு நீட்டிய அதே சமயம் அக்கா பெட்டியிலிருந்து தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார். அந்தப் பாட்டுச் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்டிருக்க முடியாது. சேகரன் வெளியே போய் ஒரு சிகரெட்டை முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

சோதனை நோயாளிகளுக்குப் போனது. பாதிப் பேர் நீலத்தில், பாதிப் பேர் பச்சையில். லாபு பக்கம் முழுக்க நீலம். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. தோட்டத்து மனிதர்கள் எழுத்தில் பதில் போடமாட்டார்கள். பொத்தானை அழுத்திக்கொண்டு பேசி அனுப்புவார்கள். மழையிலிருந்து மகள் பிரசவம் வரை சொல்லிவிட்டுக் கடைசியில்தான் "வர்றேன்" என்பார்கள். நீலத்துக்குக் காது கிடையாது. பேச்சு வந்தால் அது பதிலே இல்லை. செல்லம்மா அத்தையை அப்படி ஒருநாள் விட்டுவிட்டு வந்தோம். அத்தையின் மகன் ஜொகூரிலிருந்து கூப்பிட்டு என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினான். "ஒரு வார்த்தை டைப் பண்ணச் சொல்லுங்கண்ணே, பழகிக்குவாங்க" என்றார் மச்சான்.

பழகிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். லாபுவிலிருந்து பதில்கள் எழுத்தில் வர ஆரம்பித்தன. அதிலும் வீரையா அண்ணன் கெட்டிக்காரர். தோட்டத்தில் லாரி ஓட்டியவர், மனைவி இறந்த பிறகு, வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடு ஒன்றில் தனியாக இருந்தார். கேள்வி போனதும் அவரிடமிருந்து "வர்றேன்மா. நன்றி." மச்சான் திரையைத் தட்டித் தட்டிக் காட்டினார். "பாத்தீங்களா அக்கா? உங்களை விட ஸ்பீடு."

அக்கா சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்தத் திரையை அடிக்கடி போய்ப் பார்ப்பதைக் கவனித்தேன். எதையோ மோப்பம் பிடிப்பவரைப் போல முகத்தைக் கிட்டே கொண்டுபோவார்.

பிறகு ஒருநாள் காலை லாபுவுக்குப் போன சேகரன் வீரையா அண்ணன் வீட்டு வாசலில் ஹாரன் அடித்திருக்கிறான். கதவு திறக்கவில்லை. மகள் வந்து காரில் கூட்டிப்போயிருப்பாள், முன்பும் அப்படி நடந்திருக்கிறது என்று நினைத்து, போனில் 'ஆள் இல்லை' என்று அழுத்திவிட்டு மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். நீலம் தன் வேலையைச் செய்தது. "உங்களைக் காணேல்லையே அண்ணை, சுகமோ?" என்று கேட்டது. "வர்றேன்மா. நன்றி" என்று பதில் வந்தது. பதில் வந்ததால் நீலம் திருப்தியாக அந்த விஷயத்தை மூடிவிட்டது.

மதியம் அக்கா சுடுதண்ணீர்க் கோப்பையோடு திரை முன்னால் வந்து நின்றார். படித்தார். கோப்பையை மேசையில் வைத்தார்.

"தம்பி, இந்த வீட்டில ஆள் இல்லை."

"மகளோட போயிருப்பார்க்கா. பதில் வந்திருக்கே."

"அதைத்தான் சொல்லுறன்." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "இவ்வளவு கெதியாப் பதில் சொல்லுற ஆள் அங்க இல்லை. எனக்குத் தெரியும்." எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவர் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வாசலுக்கு நடந்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் ஒரு வேனில் ஏறியது அன்றைக்குத்தான்.

சேகரன் ஓட்டினான். நல்ல வெயில். செம்பனை நிழலுக்குள் நுழைந்ததும் இருண்டுவிட்டது. லயத்தில் மற்ற வீடுகள் பூட்டிக் கிடந்தன, கூரைக்குள்ளிருந்து செடி முளைத்திருந்தது. வீரையா அண்ணன் வீட்டு முன்கதவு உள்ளே தாழ்ப்பாள். கண்ணாடிச் சட்ட ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஸ்டூல் மேல் போன் சார்ஜில் கிடந்தது. சாமி படத்துக்கு முன்னால் சின்னச் சிவப்பு பல்பு எரிந்தது. வேறு அசைவு இல்லை.

அப்போது போன் திரை வெளிச்சமானது. மறுநாள் அவருக்கு வேன் கிடையாது, ஆகவே அது வழக்கமான கேள்வி இல்லை; தவறவிட்டவர்களை மதியம் ஒரு தடவை விசாரிக்கும்படி நீலத்தில் அக்காவே வைத்திருந்த செய்தி அது. "அண்ணை, இப்ப எப்பிடி இருக்கிறீங்கள்?" அடுத்த கணமே, அதன் கீழே, "வர்றேன்மா. நன்றி." யாரும் தொடவில்லை. ஆளில்லாத அறையில் கேள்வி வந்தது, பதில் போனது, திரை அணைந்தது. மூன்று பேரும் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தோம்.

அக்காதான் முதலில் அசைந்தார். "வீரையா அண்ணை!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. திரும்பவும் கத்தினார். வீட்டின் பின்னாலிருந்து, குளியலறைப் பக்கம், மிக மெல்ல ஒரு முனகல் வந்தது.

சேகரன் பின்கதவை உதைத்துத் திறந்தான். அண்ணன் ஈரத்தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். முகமும் காலும் வீங்கியிருந்தன. உயிர் இருந்தது. தூக்கிக்கொண்டுவந்து வேனில் படுக்க வைத்தோம். சேகரன் போனையும் கூடவே எடுத்துவந்தான். அக்கா அண்ணனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அண்ணன் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். "இந்தம்மா யாரு தம்பி?"

"நம்ம அக்காதாண்ணே" என்றான் சேகரன். "டெய்லி உங்களோட பேசுவாங்கல்ல."

அண்ணன் நிதானமாகப் பார்த்தார். "இல்லப்பா. அந்தக்கா வேற." பிறகு போனைக் கேட்டார். அதை வாயருகில் பிடித்து, "அக்கா, நான் வேன்ல வந்துகிட்டிருக்கேன், பயப்படாதீங்க" என்று பேசி அனுப்பினார். புரியாத எதற்கும் போடும்படி நீலத்தில் வைத்திருந்த பதில் உடனே வந்தது: "சரி அண்ணை. கவனமா இருங்கோ." அவர் அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பயணம் முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீரையா அண்ணன் பிழைத்துக்கொண்டார். மகள் ஓடி வந்து அழுதாள். அப்பாவுக்கு எழுதத் தெரியாது, பேசி அனுப்பினால் வேன் விட்டுவிட்டுப் போகிறது, அதனால் எந்தச் செய்தி வந்தாலும் "வர்றேன்மா" என்று தானாகப் போகும்படி நான்தான் போனில் வைத்தேன் என்றாள். விசாரித்ததில் லாபுவில் இன்னும் சில வீடுகளிலும் பிள்ளைகள் அப்படியே செய்திருந்தார்கள். எங்கள் மெசினும் அவர்கள் மெசினும் எத்தனை நாளாக ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தனவோ தெரியாது.

எதை எடுப்பது என்று அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை. "பச்சையை எடுங்கோ" என்றார் அக்கா. "சந்தேகம் வந்தா அது நிண்டு மனுசரைக் கேக்கும். நிக்கட்டும்." மச்சான் தலையாட்டினார். "ஆனா என்ர பேச்சு ஒண்டும் அதில இருக்கக் கூடாது. அண்ணை, மாமி எல்லாத்தையும் எடுத்துவிடுங்கோ. மெசின் மெசின் மாதிரிப் பேசட்டும். பதில் வராட்டி நீங்கள் கூப்பிடுங்கோ. நான் கூப்பிடமாட்டன்." மாத முடிவோடு நின்றுகொள்கிறேன் என்றும் சொன்னார். நான் கெஞ்சினேன். அவர் காதில் வாங்கவில்லை.

செய்தி மாறியது. "நாளை வேன் வரும். வருவீர்களா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2." அவ்வளவுதான். பேசி அனுப்பினால் பச்சை நின்றது, நானோ சேகரனோ கூப்பிட்டுக் கேட்டோம். யாரையும் விட்டுவிட்டு வரவில்லை. நோயாளிகளும் அக்காவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

மாதம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. ஒரு நாள் சென்டரிலிருந்து திரும்பிய வேன் லாபுவுக்குப் போகாமல் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றது. சேகரன் முதலில் இறங்கி ஓடி வந்தான். "அண்ணே, சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கறாங்க. மெசேஜ் மாறுன அன்னிக்கே முடிவு பண்ணிட்டாங்க போல."

பின்னால் அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு. டயாலிசிஸ் முடிந்த களைப்பில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார்கள். செல்லம்மா அத்தை நெற்றியில் வெறும் திருநீறு மட்டும் இட்டிருந்தார். வீரையா அண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல தம்பி."

"என்னண்ணே?"

"அக்கா போனத." அவர் குரல் உடைந்தது. "துக்கத்தப் போன்ல கேக்கப்படாது. அதான் எல்லாரும் நேர்ல வந்துட்டோம்."

மச்சான் எழுந்து, "ஐயோ, அவங்க இதோ" என்று கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. மூலை மேசையிலிருந்து அக்கா அவரைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார்.

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பினார். "இந்தம்மா அன்னிக்கு வேன்ல இருந்தாங்களே. நீங்க அவங்களுக்குச் சொந்தமா, மா?"

அக்கா வாயைத் திறந்தார். அத்தனை பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஓம்" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் செல்லம்மா அத்தைக்குத் தாங்கவில்லை. "அதே பேச்சுடி ஆத்தா!" என்று தட்டுத் தடுமாறிப் போய் அக்காவைக் கட்டிக்கொண்டு, தோட்டத்தில் சாவு வீட்டில் அழுகிற மாதிரி வாய்விட்டு அழ ஆரம்பித்தார். தண்ணி குடிச்சியான்னு கேப்பியே, தலவலியான்னு கேப்பியே என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார். அக்காவின் கைகள் முதலில் இரண்டு பக்கமும் தொங்கின. பிறகு அவை மெல்ல உயர்ந்து அத்தையின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டன. அவரும் அழுதார். அவர் தோள் குலுங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அழுகை அடங்கியதும் அண்ணன் கேட்டார். "எப்ப மா போனாங்க?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அவசரப்படாமல் யோசித்தார்.

"தெரியேல்லை அண்ணை. ஒருத்தரும் கவனிக்கேல்லை."

அண்ணன் தலையை ஆட்டினார். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. சேகரன் அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் வேனில் ஏற்றினான். அக்கா பின்னாலேயே வாசல்வரை வந்து நின்றார். துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போகக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. ஒருவர்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருவர்கூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.